கேட் இல்லாத மில்

சிங்காநல்லூர்ப் பக்கம் எழுபதுகளில் வளர்ந்தவர்களுக்குக் கைக்கடிகாரம் கல்யாணத்துக்குத்தான் வரும். அதுவரை மில் சங்கு போதும். திருச்சி ரோட்டு மில் ஒன்று ஊதும். அது ஓய்வதற்குள் காமராஜர் ரோட்டில் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். பீளமேட்டுப் பக்கமிருந்து மூன்றாவது மெல்லக் கேட்கும். எந்தச் சங்கு எந்த மில்லுடையது என்று என் அம்மா படுத்த வாக்கிலேயே சொல்லிவிடுவாள். "அது நம்ம மில்லு இல்ல கண்ணு, தூங்கு." பகல் ஷிப்டு, அரை நைட், முழு நைட் என்று வாரம் ஒருமுறை அப்பாவின் உறக்கம் இடம் மாறும். முழு நைட் வாரத்தில் நானும் அக்காவும் சைகையில்தான் சண்டை போடுவோம்.

அந்த மில் இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் முன்வாசல் வழியாகப் போய்வந்த காம்பவுண்டு அது. என் அக்கா மகன் இப்போது அதே காம்பவுண்டுக்குள் தினமும் நாலைந்து தடவை போகிறான். முதுகில் பெட்டி, பின்பக்கத்து சர்வீஸ் லிப்ட். முன்பக்க லிப்ட் குடியிருப்பவர்களுக்கும் அவர்களுடைய நாய்களுக்கும். அப்புச்சி வேலை பார்த்த இடத்திலேயே பேரனுக்கும் வேலை கிடைத்திருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

அவனுக்கும் சங்கு உண்டு. சட்டைப் பைக்குள் இருக்கிறது. ஆர்டர் வந்தால் 'டிங்' என்னும். அவன் காதுக்கு மட்டும்தான். பக்கத்திலேயே பைக்கில் சாய்ந்து நிற்பவனுக்கு வேறு நேரத்தில் வேறு 'டிங்'. தொழிலாளர் இயக்கம் என்ற இவ்வளவு பெரிய சமாசாரத்தின் ஏற்ற இறக்கமெல்லாம் சங்கு எத்தனை பேருக்குச் சேர்ந்து கேட்கிறது என்பதில்தான் இருந்தது போலிருக்கிறது.

பழைய முதலாளிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்; சங்கம் கட்ட அவர்கள் செய்த உதவியை மறக்கக் கூடாது. ஊருக்கு வெளியே நிலம் வாங்கி, சுற்றிலும் மதில் எழுப்பி, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் அந்த கேட் வழியாக வெளியே விட்டார்கள். எல்லோருக்கும் ஒரே தேதியில் சம்பளம், ஒரே மேஸ்திரியின் வசவு, ஒரே பஞ்சுத் தூசியின் இருமல். எதிரே டீக்கடைக்கு இடமும் விட்டார்கள். இதற்கு மேல் சங்கத்துக்கு என்ன வேண்டும்? ஒரு முக்காலி. அதன்மேல் ஒருவர் ஏறிவிட்டால் கேட் மீட்டிங்.

அப்பா முக்காலியில் ஏறியவர் அல்லர். ஸ்பின்னிங் காதாவில் சைடர். அறுந்த நூலை ஓடி ஓடி ஒட்டுகிற வேலை. கையில் தூக்குப்போசியோடு கடைசி வரிசையில் நின்று கேட்டுவிட்டு வருவார். மீட்டிங் நாட்களில் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பாள்: "என்ன சொன்னாங்க?" அப்பா சொல்வார்: "நாளைக்கும் சொல்றாங்களாமா." கேட்டுக்கு முன்னால் கொடிக்கம்பங்கள் மட்டும் அரை டஜன். இரண்டு விதச் சிவப்பு, மூவர்ணம், கறுப்பு-சிவப்பு என்று நாட்டின் அரசியல் மொத்தமும் அங்கே நின்றது. மேலே ஒரு கட்சி உடைந்தால் கீழே ஒரு கம்பம் கூடும். ஒருநாள் ஒரே பிரச்சினைக்கு மூன்று சங்கங்கள் மூன்று முக்காலி போட்டுப் பேசின. மானேஜர் மாடி ஜன்னலைத் திறந்துவைத்துக் காபி குடித்தார்.

கேலி இருக்கட்டும். அந்தக் கம்பங்கள் சும்மா நடப்பட்டவை அல்ல.

என் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, பல்லடம் பக்கத்து மேட்டாங்காட்டை விட்டு மில்லுக்கு வந்தவர். 1932இல் பைக்காரா மின்சாரம் ஓடத் தொடங்கியதும் கோவையைச் சுற்றி மில்கள் வரிசையாக எழுந்தன. வானம் பார்த்த காட்டை நம்புவதைவிட இது மேல் என்று அவர் போன்றவர்கள் வந்துசேர்ந்தார்கள். அதற்கு முன்பிருந்தே மில் வேலை நேரம் எப்படி இருந்தது என்பதைச் சட்டப் புத்தகத்திலேயே பார்க்கலாம். 1911ஆம் ஆண்டுச் சட்டம்தான் பஞ்சாலை ஆண்களுக்கு முதல்முதலாக வரம்பு கட்டியது: நாளொன்றுக்கு 12 மணி நேரம். அது சலுகை! 1922இல் வாரத்துக்கு 60 மணி என்று ஆனது, 1934இல் 54, 1946இல் 48. பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு இறங்க 35 ஆண்டுகள். சட்டப் புத்தகத்தில் ஆண்டுதான் இருக்கும். இடையில் யார் யார் அடிபட்டார்கள் என்பது இருக்காது.

அதைத் தெரிந்துகொள்ள எங்கள் ஊர் மத்திய சிறைக்குத்தான் போக வேண்டும். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் வேலைநிறுத்தத்தை வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்று நடத்தினார்கள். கேட்டது கூலி உயர்வு, வார விடுமுறை போன்ற 'அநியாயமான' கோரிக்கைகள். தொழிலாளர்கள் வென்றார்கள். அந்த ஆண்டு மார்ச் மாதத்திலேயே வ.உ.சி. கைதானார். ராஜத்துரோக வழக்கில் தண்டனை பெற்றுக் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அதே சிறையில் 1946 ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நால்வர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட்டார்கள்: ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன். அந்த ஆண்டே ஸ்டேன்ஸ் மில் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, கோவைத் தொழிலாளர்களின் தலைவரான என்.ஜி. ராமசாமி முப்பதைத் தாண்டிய வயதில் இறந்துபோயிருந்தார். வ.உ.சி. இழுத்த செக்கு இன்றும் இருக்கிறது. அவர் பிறந்தநாளன்று அதற்கு மாலை போட எல்லாக் கட்சியிலிருந்தும் வருகிறார்கள். கூலி உயர்வு கேட்டவருக்கு மாலை போடுவது, கூலி உயர்வு தருவதைவிடச் சுலபம்.

நாடாளுமன்றத்துக்குச் சங்கக்காரர்களையும் செங்கொடிக்காரர்களையும் அனுப்புவது கோவைக்கு ஒரு பழைய பழக்கம். 1957இல் பார்வதி கிருஷ்ணன், 1967இல் கே. ரமணி, 1971இல் பாலதண்டாயுதம். 2019இல்கூட பி.ஆர். நடராஜன் போனார். மில்கள் ஒவ்வொன்றாகப் போயும் பழக்கம் போகாமல் இருந்தது.

எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் சாவு, சிறை எல்லாம் முடிந்து, சங்கத்துக்கு ஒரு குடும்பஸ்தன் களை வந்துவிட்டிருந்தது. அதன் முக்கிய வேலை போனஸ். தசம பின்னத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது வாத்தியார் அல்ல, 8.33. ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் வருகிற அந்தச் சதவீதம்தான் குறைந்தபட்ச போனஸ். ஆவணி பிறந்ததும் வதந்தி தொடங்கும். அந்த மில்லில் 16 பேசியிருக்கிறார்களாம், இந்த மில்லில் 20க்கு ஒத்துக்கொண்டார்களாம். சட்டப்படி உச்சவரம்பே 20தான். அதற்கு மேல் 'கருணைத் தொகை' என்று வேறு பெயரில் கொடுத்துக்கொள்வார்கள். பேச்சுவார்த்தை எட்டாம் சுற்று, ஒன்பதாம் சுற்று என்று போகும். அம்மாவும் தனியாக ஒரு பட்ஜெட் போட்டிருப்பாள். 8.33 வந்தால் எங்களுக்கு மட்டும் துணி. 12 வந்தால் அவளுக்கும். 16 வந்தால் அக்காவுக்குத் தோடு. ஒரு சதவீதத்துக்கும் இன்னொரு சதவீதத்துக்கும் நடுவே எங்கள் வீட்டில் யாருக்கு என்ன கிடைக்கும் என்பது எங்கள் எல்லோருக்குமே மனப்பாடம்.

கையெழுத்தான அன்று சாயங்காலம் ஒப்பணக்கார வீதியில் கால் வைக்க இடமிருக்காது. ஜவுளிக்கடைக்காரர்களுக்கு மார்க்ஸ் யார் என்று தெரியாது. ஆனால் சங்கம் வென்ற செய்தியைக் கேட்டு அவர்கள் அடைந்த ஆனந்தத்தை மாஸ்கோவில்கூடப் பார்த்திருக்க முடியாது. போனஸ் பணம் முதலில் போகிற இடம் மளிகைக்கடையின் பற்று நோட்டு. அடுத்தது வட்டிக்காரர். மிச்சம் இருந்தால் பட்டாசு. 1975இல், அவசரநிலை வந்த சூட்டோடு, அந்த 8.33ஐ 4 ஆகக் குறைத்து அவசரச் சட்டம் போட்டார்கள். அந்தத் தீபாவளியன்று கேட்டில் யாரும் முக்காலி போடவில்லை. போட்டவர்கள் உள்ளே இருந்தார்கள், சிலர் தலைமறைவாக இருந்தார்கள். நாங்கள் ஓலைவெடி மட்டும் வெடித்தோம்.

ஸ்டிரைக் என்றால் முதல் சில நாட்கள் எங்களுக்குக் கொண்டாட்டம். அப்பா பகலில் விழித்திருப்பார். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து எங்களோடு தாயம் ஆடுவார். பிறகு மளிகைக்கடைக்காரர் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அதற்கும் பிறகு அம்மாவின் பித்தளை அண்டா சேட்டுக் கடைக்குப் போகும். உள்ளே போய் வேலை செய்தவனுக்குக் கருங்காலி என்று பெயர். அந்தப் பெயர் அவனோடு போகாது; அவன் பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகும்போதும் முன்னால் போய் நிற்கும். தெருக்கோடியில் அப்படி ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுப் பையனோடு நாங்கள் கிட்டிப்புள் ஆட மாட்டோம். அவர் பெண்டாட்டிக்கு அப்போது காசநோய் என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. இயக்கத்தின் வரலாற்றில் இப்படிப்பட்ட வீடுகளுக்கு இடம் கிடையாது.

இன்னொன்றுக்கும் இடம் கொடுக்கத் தயங்குவார்கள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னையில் தொடங்கியது, சென்னைத் தொழிலாளர் சங்கம். பி.பி. வாடியா தலைவர். செல்வபதி செட்டியார், ராமாஞ்சலு நாயுடு, திரு.வி.க. எல்லாம் கூட நின்றார்கள். இதை மேடைக்கு மேடை சொல்வோம். மூன்றே ஆண்டுகளில், 1921இல், பி அண்டு சி மில் வேலைநிறுத்தம் சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் நடுவே புளியந்தோப்பில் கலவரமாக உடைந்துபோனதை அதே மேடையில் சொல்வதில்லை. உலகத் தொழிலாளர்கள் ஒன்றுசேர்வதற்கு முன்னால் ஒரு தெருவின் தொழிலாளர்கள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தது. எங்கள் லைன் வீடுகளிலும் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை.

தொண்ணூறுகளில் சங்கம் புத்திசாலியாகிவிட்டது. மில் நஷ்டம் என்றது நிர்வாகம். சமரச அதிகாரி முன்னிலையில் 12(3) ஒப்பந்தம் போட்டார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு பைசா குறையாது. ஆனால் இனி வருகிறவன் டிரெய்னி. டிரெய்னிக்குப் பஞ்சப்படி இல்லை, போனஸ் இல்லை, கேட் மீட்டிங்கில் நிற்க நேரமும் இல்லை. கையெழுத்துப் போட்டவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் காப்பாற்றியது தங்கள் வேலையை; விட்டுக்கொடுத்தது தங்கள் பிள்ளைகளுடையதை. எங்கள் அக்கா மகனின் கதை 'ஆப்' வந்த அன்று தொடங்கவில்லை, அந்தப் பேச்சுவார்த்தை மேஜையில் தொடங்கியது என்பது என் கட்சி. அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் பெண்கள் வந்தார்கள். மில்லிலிருந்து மெல்ல மெல்ல வெளியேற்றப்பட்ட பெண்கள், திரும்ப வரும்போது பதினாறு பதினெட்டு வயதுப் பிள்ளைகளாக வந்தார்கள். தேனியிலிருந்து, திண்டுக்கல்லிலிருந்து, விருதுநகரிலிருந்து. மூன்று வருஷம் மில் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இதற்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர். ஊர்க்காரர்கள் கேம்ப் கூலி என்றார்கள். பெண்களை இரவு ஷிப்டில் வைக்கக் கூடாது என்று தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தத் தடை ஆணுக்கும் பெண்ணுக்கும் பாரபட்சம் காட்டுகிறது என்று ரத்து செய்தது. சமத்துவம் என்பது எத்தனையோ வாசல்களில் காத்துக்கிடந்தது. எங்கள் பக்கத்தில் அதை முதலில் உள்ளே விட்டது முழு நைட் ஷிப்டு. கேட் இருந்தது, சங்கு இருந்தது. விடுதி மதிலுக்குள்ளேயே இருந்ததால் கேட் வழியாக வெளியே வர அந்தப் பிள்ளைகளுக்குத்தான் வழியில்லை.

அப்பா வி.ஆர்.எஸ். வாங்கி வந்தார். கிராஜுவிட்டியில் அக்காவின் கல்யாணக் கடன் அடைந்தது. பென்ஷனும் வருகிறது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தில் 2014 முதல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் உறுதி. அப்பாவுக்கு அதைவிடச் சற்றே கூடுதல். சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்வந்தால் அந்தக் கூடுதல் சரியாகிவிடும். "போராடி வாங்குனது" என்று மாதாமாதம் பாஸ்புக்கை அவர் தடவிப் பார்ப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வராது.

சில மில்களை அரசாங்கமே ஏற்று நடத்த வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பெரிய கோரிக்கை. 1974இல் சட்டம் போட்டு நலிந்த மில்களைத் தேசிய பஞ்சாலைக் கழகம் எடுத்துக்கொண்டது. வெற்றி. பட்டாசு. கேட்டில் இனிப்பு. அவற்றில் மிஞ்சியிருந்தவை 2020 மார்ச் ஊரடங்கில் பூட்டப்பட்டன. ஊரடங்கு போய் ஆண்டுகள் ஆயின; பூட்டு போகவில்லை. எந்தத் தனியார் முதலாளிக்கும் இப்படி ஒரு கதவடைப்பு வாய்த்ததில்லை. கேட்டுக்கு வெளியே தொழிலாளர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். முதலாளி யார் என்று கேட்டால் இந்தியக் குடியரசு என்று பதில் வரும்போது யாரைப் பார்த்துக் கோஷம் போடுவது?

இனி மாப்பிள்ளையின், அதாவது அக்கா மகனின், காலத்துக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அப்புச்சியிடம் தன் வேலையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எங்களுக்கெல்லாம் லீவு கேக்கவே வேண்டியதில்லைங்க அப்புச்சி. ஆப்பை ஆஃப் பண்ணிட்டா லீவுதானுங்க."

"கூலி?"

"அதும் ஆஃப்தானுங்க."

"மேஸ்திரி யாரு?"

"அப்படியெல்லாம் யாருமில்லைங்க. ரேட்டிங்தான்."

"அது எங்க இருக்குது?"

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவுக்கு இது பெரிய ஏமாற்றம். மேஸ்திரியின் வசவுகளை வகை பிரித்துச் சொல்லக்கூடியவர் அவர். திட்டுவதற்கு ஆளே இல்லாத ஒரு வேலையில் மனுஷன் எப்படி முப்பது வருஷம் இருப்பான் என்று அவருக்குப் புரியவில்லை. அவன் முப்பது வருஷம் இருக்கப்போவதில்லை என்பதும் புரியவில்லை. தீபாவளிக்கு போனஸ் உண்டா என்று கேட்டார். உண்டு என்றான். போனை எடுத்துக் காட்டினான். திரையில் ஒரு விளக்கு எரிந்தது. கீழே, இன்று இரவு பன்னிரண்டு மணிக்குள் இத்தனை ஆர்டர் முடித்தால் இவ்வளவு ரூபாய் என்று இருந்தது. அம்மா இருந்திருந்தால் இதற்கும் ஒரு பட்ஜெட் போட்டிருப்பாள்.

அவர்களும் ஒருமுறை ஸ்டிரைக் செய்தார்கள். கிலோமீட்டருக்குக் கொடுக்கும் காசைக் கம்பெனி குறைத்துவிட்டது. அறிவிப்பு இல்லை, பேச்சுவார்த்தை இல்லை. ஒரு காலையில் ஆப்பைத் திறந்தால் கணக்கு மாறியிருந்தது. ஐம்பது அறுபது பையன்கள் ஒரு மைதானத்தில் கூடி ஆப்பை அணைத்தார்கள். கோஷம் போட ஆசை. யாருக்கும் கோஷம் தெரியவில்லை. ஒருவன் போனில் தேடிப் படித்தான். அரை மணி நேரத்தில் பக்கத்து ஏரியாப் பையன்களுக்கு, 'உங்களுக்கு அருகில் தேவை அதிகம், ஒவ்வொரு ஆர்டருக்கும் கூடுதல் தொகை' என்று செய்தி போயிற்று. அவர்கள் வந்தார்கள். தாங்கள் கருங்காலிகள் என்று அவர்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு ஸ்டிரைக் நடப்பதே அவர்களுக்குத் தெரியாது.

சரி, ஆபீசுக்கே போய் மனு கொடுப்போம் என்று கிளம்பினார்கள். முகவரி கண்டுபிடிக்கவே மத்தியானம் ஆயிற்று. அவிநாசி ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடம். பல கம்பெனிகள் மேஜை வாடகைக்கு எடுத்து உட்காரும் இடம். வாசலில் செக்யூரிட்டி, ஒடிசாக்காரர், அவரும் காண்டிராக்ட். பதிவேட்டை நீட்டினார். யாரைப் பார்க்க வேண்டும் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பையன்கள் விழித்தார்கள். ஒருவன் ஆப்பின் பெயரை எழுதினான். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார் செக்யூரிட்டி. இவர்களுக்கு ஆள் எடுத்துக்கொடுத்த டீம் லீடருக்குப் போன் போட்டால், அவரை முந்தின மாதமே நிறுத்திவிட்டார்களாம். அவரே இவர்களிடம், "தம்பி, உங்களுக்கு யார் நம்பராவது தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். மனு இன்னும் மாப்பிள்ளையின் பைக் பெட்டிக்குள் இருக்கிறது. சாயங்காலம் மூன்று பேரின் ஐ.டி. முடக்கப்பட்டது. விசாரணை, குற்றப்பத்திரிகை, கன்சிலியேஷன் எதுவும் இல்லை. லேபர் கோர்ட்டில் பதினோரு வருஷம் வழக்கு நடத்தி வேலைக்குத் திரும்பியவர்களைப் பார்த்த தெரு எங்களுடையது. இங்கே வேலை போனது என்று நிரூபிக்க, முதலில் வேலை இருந்தது என்று நிரூபிக்க வேண்டும்.

சட்டம் சும்மா இல்லை, அதுவும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கடையில் நாள் முழுவதும் நின்று விற்பவர்கள் உட்காரலாம் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் வந்தது. உட்கார ஒரு சட்டம்! 2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிசெய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெற்றதாக முதல்வர் அறிவித்தார். 1911க்குப் போய்த் திரும்ப பத்தே நாள். பிறகு 2025 ஜனவரியில் ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தின் தலைவர் வாரத்துக்கு 90 மணி நேரம் உழைக்கலாமே, வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது என்ற பொருளில் பேசினார். அப்பாரு காலத்து முதலாளிகள்கூட மனைவியை இதில் இழுத்ததில்லை. 2025 நவம்பர் 21 முதல் 29 சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. எல்லோருக்கும் நியமனக் கடிதம் உண்டு. ஆப் தொழிலாளி என்று ஒருவன் இருப்பதைச் சட்டம் பெயர் சொல்லி ஒத்துக்கொள்கிறது. இவை நல்லவை. கூடவே, ஆலையை மூட அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆகிவிட்டது. 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் ஸ்டிரைக் கிடையாது. பாதிப்பேர் சேர்ந்து ஒரே நாளில் லீவு போட்டால் அதுவும் ஸ்டிரைக்.

கேட் இருக்கும் இடத்தில் பழைய வித்தை இன்னும் பலிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முக்கியமான கோரிக்கை சம்பளம் அல்ல, எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1920இல் பி அண்டு சி மில்லின் பின்னி கம்பெனி வாடியாமீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. சங்கம் வைப்பவனுக்குப் பாதுகாப்பே இல்லையே என்ற கூச்சல் எழுந்துதான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கத்தைப் பதிய, ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து, தொழிலாளர்கள் அதே சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது.

ஆப் பையன்களுக்கும் அரசு ஒன்றும் செய்யாமலில்லை. 2023 டிசம்பரில் அவர்களுக்கென்று தமிழ்நாட்டில் நல வாரியம் அமைந்தது. மின் ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று 2025 பட்ஜெட்டில் அறிவிப்பு. சென்னை அண்ணா நகரில் மாநகராட்சி குளிர்சாதன ஓய்வறை கட்டியிருக்கிறது. மாப்பிள்ளையிடம் சொன்னேன். "உள்ள உக்காந்தா ஆர்டர் வருமாங்க மாமா?" என்றான்.

ஆனால் கம்பெனிகளும் ஒரு தவறு செய்துகொண்டிருக்கின்றன. வெங்காயம், பால் பாக்கெட் எல்லாம் பத்து நிமிஷத்தில் கொண்டுவர ஏரியாவுக்கு ஒரு குடோன் வேண்டும். டார்க் ஸ்டோர் என்கிறார்கள். எங்கள் வரதராஜபுரத்துச் சந்தில் ஒன்று இருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள், முப்பது நாற்பது பைக்குகள் நிற்கும். ஒரே ஷட்டர், ஒரே நேரம், ஒரே காத்திருப்பு. எதிரே டீக்கடைகூட வந்துவிட்டது.

சங்கத்துத் தோழர்களுக்கும் அண்ணன்மாருக்கும் ஒரு வேண்டுகோள். மே தினக் கூட்டத்தை இனியும் மூடிய மில்லின் கொடிக்கம்பத்தடியில் நடத்தி, ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கே பொன்னாடை போர்த்திக்கொண்டிருக்க வேண்டாம். அவரிடம் ஏற்கெனவே பீரோ நிறையப் பொன்னாடை இருக்கிறது. ஒரு ராத்திரி அந்த ஷட்டருக்கு முன்னால் போய் நில்லுங்கள். கொடி அரை டஜன் வேண்டாம், ஒன்று போதும். அந்தப் பையன்களிடம் பேச இரண்டு ஆர்டருக்கு நடுவே ஐந்து நிமிஷம் கிடைக்கும். நீங்கள் வழக்கமாக முன்னுரைக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நாலில் ஒரு பங்கு. வாசகர்களுக்கு இன்னும் சின்ன வேலை. உங்கள் வாசலுக்குச் சோறு கொண்டுவரும் பையனிடம், நல வாரியத்தில் பதிந்துவிட்டாயா தம்பி என்று கேளுங்கள். நான் கேட்டவரையில் பலருக்கு அப்படி ஒரு வாரியம் இருப்பதே தெரியவில்லை. என் அக்கா மகனும் இன்னும் பதியவில்லை.